விழுங்கினால் அவுட்

நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் குடித்திருக்கிறேன். அதையும் ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் குடித்தேன். எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. என்னை முந்திக்கொண்டு என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொல்லத் தொடங்கினால் கால் மணி நேரம் ஆகும், கூடவே நடித்தும் காட்டுவாள். அதனால் இந்த ஒரு தடவையாவது என் பக்கத்து நியாயத்தை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (எழுதி முடிக்கும்போது நியாயம் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பது வேறு விஷயம்.)

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் உதவி டீமேக்கர். வயது இருபத்தாறு. பெக்டரியில் எனக்குப் பிடித்த வேலை, அன்றன்று தயாரான தூளை ருசி பார்ப்பது. வெள்ளைக் கோப்பைகளில் தேயிலைச் சாயத்தை வரிசையாக வடித்து வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி 'ஸ்ஸ்ர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். சாயம் தூறலாகச் சிதறி வாய் முழுக்கப் பரவி மூக்கின் பின்பக்கம் வரை ஏறும். நாக்கில் ஒரு புரட்டுப் புரட்டி, தூளின் குணம் என்ன, குற்றம் என்ன என்று மனதில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் தொட்டியில் துப்பிவிட வேண்டும். அந்தத் தொட்டி இடுப்பளவு உயரம், அடியில் சக்கரம் வைத்தது. கோப்பைக்குக் கோப்பை தள்ளிக்கொண்டே போகலாம். விழுங்குவது மட்டும் கூடாது. ஒரு நாளைக்கு எழுபது கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு, ராத்திரி பிள்ளையைப் போலத் தூங்குவேன். இதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. உலகத்தில் எதையும் வாயில் போட்டு, எதிலும் அகப்படாமல் துப்பிவிடலாம் என்று உண்மையிலேயே நம்பினேன்.

இந்தத் திமிரோடு காதலும் சேர்ந்துகொண்டதுதான் விபரீதம். ஹட்டனில் நடந்த கிறிஸ்தவ சபை வாலிபர் கூட்டத்தில் கிரேஸ் டீச்சரைப் பார்த்தேன். பட்டிப்பொலைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மூன்று தடவை பார்த்தோம், இரண்டு தடவை பேசினோம், மூன்றாவது தடவை அவள் சிரித்தாள். அதற்கப்புறம் வேறு பெண்ணை நினைக்க எனக்கு முடியவில்லை. வீட்டார் பேசி, பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

கிரேஸின் அப்பா ஞானமுத்து, அந்தத் தோட்டத்து டிஸ்பென்சர். சனங்கள் மருந்தய்யா என்பார்கள். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குப் பதினெட்டு வருஷமாக அவர்தான் செயலாளர். மாத்திரை வாங்க வருகிறவன் வாயைத் திறந்தால் முதலில் நாக்கைப் பார்க்கமாட்டார், முகர்ந்து பார்ப்பார். நேற்று எந்த நேரத்தில் என்ன குடித்தான் என்று சொல்லிவிட்டுத்தான் மருந்து. அவர் எனக்கு வைத்தது ஒரே ஒரு நிபந்தனை.

"பையன் குடிக்கக் கூடாது. அத நான் மத்தவங்க சொல்லி நம்பமாட்டேன். நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வேன்."

பார்க்கட்டுமே என்று நினைத்தேன். என்னைப் போல் குடிக்காதவன் அந்த மலையிலேயே கிடையாது. பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, ஆராதனைக்கு அழைத்துப்போய், மத்தியானச் சாப்பாடு போட்டு அனுப்பியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, அவரைக் குடிப்போட்டி ஒன்றுக்கு அழைத்தேன்.

எங்கள் கண்டாக்கு விமலசேனவுக்குத் திம்புள்ளைப் பக்கம் மாற்றலாகியிருந்தது. தேயிலை மலையின் வேலை மேற்பார்வை முழுக்க அவர் கையில்தான் இருந்தது. நல்ல மனிதர், சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கும் அவர் பேச்சைத் தொழிலாளர் லயத்தில் எல்லாரும் ரசிப்பார்கள். அவருக்கு ஸ்டாஃப் கிளப்பில் பிரியாவிடை வைக்க வேண்டும். ஆனால் கிளப்பில் போத்தல் திறக்கப் பெண்கள் தடை போட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய விருந்தில் யார் முதலில் போத்தலைக் காலி செய்வது என்று போட்டி வைத்து, ஜெயித்த பெரிய கிளாக்கர் தனராஜை மறுநாள் பூப்பந்து வலையிலிருந்து கத்தரித்து எடுக்க வேண்டியிருந்தது. குடிக்காமல் கண்டாக்கை அனுப்புவது பாவம் என்று ஆண்கள் சொன்னார்கள். போத்தலைக் கண்டால் வீட்டுக் கதவு திறக்காது என்று பெண்கள் சொன்னார்கள். கிளப்பின் விளையாட்டுச் செயலாளர் நான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்ற எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. (அது வராமலே இருந்திருக்கலாம்.)

தேயிலையை ருசி பார்ப்பது போலவே மதுவையும் ருசி பார்க்கும் போட்டி. எட்டுக் கோப்பை, எட்டு வகை. கரண்டியால் உறிஞ்சி, புரட்டி, துப்பி, இது இன்னது என்று சொல்ல வேண்டும். விழுங்கினால் அவுட். ஆண்களுக்கு வாயில் ருசி, பெண்களுக்கு மனதில் நிம்மதி. பெரிய கிளாக்கரின் மனைவியிடம் போய் விளக்கினேன்.

"ஒரு சொட்டு உள்ள போகாதுங்க அம்மா. நான்தான் நடுவர். நான் பொறுப்பு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, எங்க வீட்டுக்காரரு வாய்க்குள்ள போனது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. நீங்க குடிக்காத புள்ள, உங்கள நம்பி விடுறோம்."

அன்றைக்கே மருந்தய்யாவுக்குக் கடிதம் எழுதினேன். "குடிப்பழக்கத்தை விழுங்காமலே வெல்லும் ஒரு புதிய முறையை நமது தோட்டத்தில் அறிமுகம் செய்கிறேன். தாங்கள் குடும்பத்தோடு வந்து பார்வையிட வேண்டும்" என்று. அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஒரு வாரத்தில் அவரிடமிருந்து தபாலட்டை வந்தது. பௌர்ணமிப் போயா தினத்தன்று பதினொரு மணி போல வருவதாகவும், பார்த்தபின் முடிவு சொல்வதாகவும் எழுதியிருந்தார்.

போயா அன்று எல்லாருக்கும் லீவு, தோட்ட மேனேஜரான பெரிய தொரையும் கொழும்புக்குப் போய்விட்டார். போயாவுக்குச் சாராயக் கடைகள் பூட்டு என்பதால் முதல் நாளே ஹட்டனுக்கு ஆள் போய் எல்லாம் வாங்கி வந்தது. தென்னஞ்சாராயம், பியர், ஜின், ரம், பிராந்தி. கித்துள் மரத்துக் கள்ளு கண்டாக்கின் ஏற்பாடு. ஏழாவதாகக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் ஒரு போத்தல் வந்தது. யார் கொண்டுவந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் நான் சொல்லப்போவதில்லை. எட்டாவது கோப்பையில் என் சொந்தக் குறும்பாக ஆறிப்போன சாயத்தண்ணியை, அதாவது வெறும் தேநீரை ஊற்றினேன், பால் இல்லை, சீனி இல்லை. பார்க்கச் சாராயம் போலவே இருந்தது. பெக்டரியிலிருந்து மூடி போட்ட கோப்பைகளையும் துப்பும் தொட்டியையும் கிளப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். விடைகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கழுத்தில் விசில். வாசலில் தப்புக்காரர்கள் நாலு பேர், ஜெயித்தவரை ஊர்வலமாக அழைத்துப்போகக் காத்திருந்தார்கள். பரிசு, காலைக் கட்டி வைத்திருந்த ஒரு சிவப்புச் சேவல்.

பதினொரு மணிக்கு எல்லாரும் கோயிலில் நிற்பது போல நின்றார்கள். மருந்தய்யா மட்டும் அப்போது வந்திருந்தால், இப்படி ஓர் ஒழுக்கமான குடிகாரக் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே தேதி குறித்திருப்பார். ஆனால் வழியில் மண் சரிந்து ரயில் நின்றுவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து சேதி வந்தது. எப்போது வரும் என்று தெரியாது.

"மல்லி, கோச்சி வரட்டும் எண்டு நின்டா கள்ளு புளிச்சுப் போகும். பட்டங் கமு," என்றார் விமலசேன. மல்லி என்றால் தம்பி, கோச்சி என்றால் ரயில், பட்டங் கமு என்றால் தொடங்கலாம். தொடங்கினேன்.

முதலில் நானே செய்து காட்டினேன். எட்டுக் கோப்பையிலும் ஒவ்வொரு கரண்டி. ஸ்ஸ்ர்ர், புரட்டு, துப்பு. பெக்டரியில் செய்வதைப் போலவே சுத்தமாகச் செய்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். மது என்றால் இவ்வளவுதானா, இதற்கா உலகம் இப்படி அடித்துக்கொள்கிறது என்று எனக்குள் ஓர் இளக்காரம்.

போட்டியாளர்கள் பத்துப் பேர். முதல் சுற்றிலேயே பத்துப் பேரும் அவுட். விழுங்குகிறார்களா என்று பார்க்க ஒவ்வொருவர் தொண்டையிலும் கரண்டிக் காம்பை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். குரல்வளை ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது. பெரிய கிளாக்கர் தொண்டையில் அது லிஃப்ட் மாதிரி போய் வந்தது.

"விழுங்கிட்டீங்க ஐயா."

"எச்சில் தம்பி. எச்சில விழுங்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

சட்டத்தில் இல்லை. ஆகவே மன்னிப்புக் கேட்பவர்கள் மறுபடி சேரலாம் என்று திருத்தம் கொண்டுவந்தேன். பத்துப் பேரும் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டாம் சுற்றில் வழக்குகள் தொடங்கின. மூன்றாவது கோப்பையை ஒருவர் ஜின் என்பார், இன்னொருவர் இல்லை கசிப்பு என்பார். யாரோ கோப்பையை இடம் மாற்றிவிட்டதாக ஒருவர் சத்தியம் செய்வார். தீர்ப்புச் சொல்ல நான் மறுபடி உறிஞ்சிப் பார்க்க வேண்டும். மேல்முறையீடு வந்தால் இன்னொரு கரண்டி. நேர்மையான நடுவர் என்று பெயர் எடுக்க ஆசை எனக்கு, ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு தடவை ருசி பார்த்தேன். ஒரு சொட்டும் விழுங்கவில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

இதற்கிடையில் எட்டாவது கோப்பை பெரிய சாதனை செய்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலையில் சம்பளம் வாங்கி, தேயிலையால் வளர்ந்த பத்துப் பேரில் ஒருவருக்கும் அது சாயத்தண்ணி என்று தெரியவில்லை. பெரிய கிளாக்கர் அதை நீண்ட நேரம் புரட்டி, கண்ணை மூடி, "இது பழைய சரக்கு. மரப்பீப்பாவுல கெடந்தது. இது மட்டும் தலைக்கு ஏறுது," என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நாலாம் சுற்றின் நடுவில் கிளப் கட்டடம் மலைச்சரிவில் கட்டப்பட்டிருப்பதை முதல் தடவையாக உணர்ந்தேன். தரை மெல்லச் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் நானும் போனேன். மனம் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தது, அவ்வளவு தெளிவாக அது அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. சாயம் போலச் சாராயம் நடந்துகொள்ளாது, தூறலாக்கி உறிஞ்சினால் விழுங்காமலே வாய்வழியும் மூக்குவழியும் ஏறிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய சமாச்சாரம். உதவி டீமேக்கருக்குத் தெரியவில்லை. கோப்பைகளை விட்டுவிட்டு மனிதர்களுக்குத் தரம் சொல்ல ஆரம்பித்தேன். விமலசேனவின் தோளில் கை போட்டு, "நல்ல நிறம், நல்ல மணம், கொஞ்சம் பச்சை வாடை, இன்னும் கொஞ்சம் வாட்டியிருக்கலாம்," என்றேன். அவர் நெகிழ்ந்துபோய் அழுதார்.

மணி இரண்டரை இருக்கும். வாசலில் குடையும் கையுமாக ஞானமுத்து மருந்தய்யா, பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் கிரேஸ். மூன்று மைல் ஏறி வந்த களைப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. மூன்று பேர் வந்திருப்பதாக என் அறிவு சொன்னது, ஆறு பேர் என்று கண் சொன்னது. மரியாதை குறையக்கூடாதே என்று ஆறு பேரையும் தனித்தனியாகக் கும்பிட்டேன்.

"வாங்க மாமா, வாங்க அத்தை," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நடுவர் வாய் நிற்கவில்லை. மருந்தய்யாவைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நல்ல கடுப்பு. கொஞ்சம் கூடுதலா அடுப்புல நின்ன மாதிரி இருக்கு," என்றேன். அத்தையைப் பார்த்து, "திடம். நல்ல திடம்," என்றேன். அவர் நல்ல உடம்புக்காரர். கிரேஸ் முன்னால் வந்து நின்றபோது மட்டும் கரண்டியைக் கீழே வைத்தேன். "இது ஏலத்துக்கு அனுப்புற தூளில்ல மாமா. இத வீட்டுக்கே வெச்சுக்கணும்," என்றேன்.

கிரேஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. (சிரித்தாளாம். இருபது வருஷம் கழித்துத்தான் சொன்னாள்.)

மருந்தய்யா குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நேராக மேசைக்குப் போனார். முதல் மூடியைத் தூக்கினார், குனிந்து ஒரு மூச்சு.

"தென்னஞ்சாராயம்," என்றார். குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரல். அடுத்த மூடி. "கித்துள் கள்ளு, நேத்து எறக்கினது." அடுத்தது. "கசிப்பு. இதுக்கு ஜெயில் இருக்கு தெரியுமா?" பிறகு வரிசையாக, "ஜின். பியர். ரம். பிராந்தி." ஒவ்வொரு பெயருக்கும் அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. எட்டாவது மூடியைத் தூக்கினார். மறுபடி குனிந்து முகர்ந்தார். "இது சாயத்தண்ணி. அதுவும் கருகின தூள்," என்று என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்கதானே இந்தத் தூளைச் செஞ்சது? வேலையும் ஒழுங்கா செய்யிறதில்லையா?"

"ஜின்னும் பிராந்தியும் உங்களுக்கு எப்படிங்க தெரியும்? நம்ம லயத்துல அதெல்லாம் யாரு குடிக்கிறாங்க?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"தொரை பங்களாவுக்கு வைத்தியத்துக்குப் போறேன்ல," என்றார் அவர், கொஞ்சம் வேகமாக.

நான் சட்டைப்பையிலிருந்து விடைத்தாளை எடுத்தேன். எழுத்துகள் நீந்தின, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். எட்டுக்கு எட்டு. மூன்று மணி நேரமாகப் பத்துப் பேர் கரண்டி கரண்டியாக முயன்று மூன்றுக்கு மேல் தாண்டாத இடத்தில், ஒருவர் நாக்கில் வைக்காமலே எட்டும் சொல்லிவிட்டார். எனக்குப் புல்லரித்தது. போட்டியின் சட்டத்தில் ருசி பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை, விழுங்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நான் எழுதிய சட்டத்தைக் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். பெண் கிடைக்குமா, கிடைக்காதா என்ற கவலையெல்லாம் போய் நடுவரின் கடமை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. விசிலை ஊதினேன்.

"ஜெயிச்சவர் ஞானமுத்து மருந்தய்யா. ஒரு சொட்டு விழுங்கல."

அந்த இரண்டாவது வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. விமலசேன கட்டிப்பிடித்தார், பெரிய கிளாக்கர் தூக்கினார். பெரிய கிளாக்கர் ஆறடி. கண்டாக்குக்கு என்று கட்டி வைத்திருந்த மாலை மருந்தய்யா கழுத்தில் விழுந்தது. சேவல் அவர் கையிடுக்கில் செருகப்பட்டது. தப்பு முழங்கியது.

"எறக்குங்க. என்னைய எறக்குங்கன்னு சொல்றேன்," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தப்புச் சத்தத்தில் அது ஜெயித்தவரின் அடக்கமாகவே பட்டது.

ஊர்வலம் கிளப்பிலிருந்து இறங்கி, காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தைச் சுற்றி, ஐந்து லயத்தையும் தாண்டிப் போனது. லீவு நாள், எல்லாரும் வாசலில் இருந்தார்கள். "என்னாங்க விசேசம்?" என்று ஒரு பெண் கேட்டாள். "குடிப்போட்டியில ஜெயிச்சிருக்காரு, பட்டிப்பொல மருந்தய்யா," என்று தப்புக்காரர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஊர்வலத்துக்கு முன்னால், துப்பும் தொட்டியைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு நான் நடந்தேன். அதை ஏன் எடுத்துப்போனேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தேர் இழுக்கிற பக்தி என் முகத்தில் இருந்ததாகக் கிரேஸ் சொல்கிறாள்.

சாயங்காலம் கண் விழித்தபோது பெக்டரி மேல்மாடியில், கொழுந்து வாட்டும் சாக்குப் படுக்கையில் கிடந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் ஞாபகமில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவர்கள் அடுத்த ரயிலுக்கே இறங்கிப் போய்விட்டார்கள் என்றும், சேவலை வேண்டாம் என்று விட்டுப்போனதாகவும் சொன்னார்கள். அந்தச் சாக்கிலேயே குப்புறப்படுத்து அழுதேன். நான் கெட்டதுகூடப் பெரிதில்லை. குடிக்காத மனிதரைக் குடிச்சாம்பியனாக்கி ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். அவமானம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் தபாலட்டை வந்தது. "சம்பந்தம் வேண்டாம்." வேறு ஒரு எழுத்து இல்லை.

மூன்று வாரம் போயிருக்கும். அடுப்பு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், பெக்டரி வாசலில் அதே குடை தெரிந்தது. மருந்தய்யா மெலிந்திருந்தார். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சேதியை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் பட்டிப்பொலைச் சபையில் கொட்டிவிட்டதாம். மாலையோடும் சேவலோடும் பார்த்த சாட்சிகள் ஒன்றல்ல, நூறு. சபைக் கமிட்டி விசாரணை வைத்திருந்தது.

"தம்பி," என்றார், மிஷின் சத்தத்துக்கு மேல் பேச முடியாமல் என் காதுக்குப் பக்கத்தில் வந்து. "அன்னைக்கு நான் ஒரு சொட்டாவது வாயில வெச்சேனா?"

"இல்லீங்க மாமா. சத்தியமா இல்ல."

"அத வந்து கமிட்டியில சொல்லணும். வீட்டாளுங்க சொன்னா எடுக்கமாட்டேங்கிறாங்க. கிளாக்கரும் கண்டாக்கும் சொன்னா சிரிப்பாங்க. நடுவரு நீங்க ஒருத்தர்தான்." குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். பதினெட்டு வருஷம் அடுத்தவன் வாயை முகர்ந்து பார்த்த மனிதர், தன் வாய்க்குச் சாட்சி தேடி மூன்று மைல் ஏறி வந்திருந்தார். எனக்கு அவர் மேல் அப்போது வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

விசாரணை நாள் வந்தது. போதகர், கமிட்டி ஐந்து பேர், பின் வரிசை வாங்கில் அத்தையும் கிரேஸும். நான் எழுந்து, மருந்தய்யா முகர்ந்து மட்டும் பார்த்தார், ஒரு சொட்டும் விழுங்கவில்லை, நான் கண்ணால் கண்டேன் என்றேன். போதகர் தலையாட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எனக்கு அதுவரை தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சாட்சி சொல்ற தம்பி, நீங்க அன்னைக்கு நிதானத்துல இருந்தீங்களா?"

இல்லை என்றால் என் சாட்சி செல்லாது, அந்த மனிதர் பெயர் கெட்டது கெட்டதுதான். ஆம் என்றால் சபையில் பொய். எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மருந்தய்யா எழுந்துவிட்டார்.

பின் வாங்கைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கமிட்டிக்காரர் ஒருவர் அவருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று தண்ணீர் எடுக்க எழுந்தார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"இருந்தார்."

போதகர் அதைப் பதிவேட்டில் எழுதினார். குற்றம் இல்லை என்று முடிந்தது. வாசலுக்கு வந்ததும் அத்தை சொன்னார். "அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நிதானமான பையன்னு சொல்லிட்டீங்க. இனி என்னா காரணம் சொல்லிப் பொண்ணு இல்லேம்பீங்க?" மருந்தய்யா குடையை விரித்தார், மழை இல்லை. நடையைக் கட்டினார். அடுத்த மாதம் மதுவிலக்குச் சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார், காரணம் எழுதவில்லை. அதற்கடுத்த மாதம் எங்கள் கல்யாணம்.

மாமா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பொய்யைத் தன் மானத்துக்காகச் சொன்னாரா, மகளுக்காகச் சொன்னாரா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிரேஸ் மட்டும் தனக்காகத்தான் என்று அடித்துச் சொல்வாள். எங்கள் வீட்டில் என்னைப் பற்றி யாராவது, "தாத்தா காசை எண்ணி வாங்கினாரா?" என்றோ, "அப்பா ரோட்டைப் பார்த்துக் கடந்தாரா?" என்றோ கேட்டால் போதும். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், மருந்தய்யாவைப் பார்த்தேயிராத கடைக்குட்டி வரைக்கும், எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே நிற்பார்கள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரே குரலில், "இருந்தார்," என்பார்கள்.